டாங்கிக்குள் என் மனைவி

என் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பர்வீன் பாலைவனத்துக்குக் கிளம்பினாள்.

காக்கி நிறம். அகலமான விளிம்பு. காற்றில் பறந்துவிடாமல் தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள ஒரு நாடா. நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணாடி முன்னால் நேராகவும் பக்கவாட்டிலும் நின்று பார்த்து, எனக்கென்று நான் வாங்கி வைத்திருந்த தொப்பி. அதை முக்காட்டுக்கு மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, பஸ் நிலையத்தில் சென்னை வண்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருந்ததைவிட அவளுக்கு அது நன்றாகப் பொருந்தியிருந்தது.

"பால அடுப்புல வெச்சிட்டு வந்தீங்களே, அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சிட்டேன்."

"அப்புறம் மூஞ்ச ஏன் அப்டி வெச்சிருக்கீங்க?"

"வெயிலு."

வெயில் அப்போது ஏறியிருக்கவே இல்லை. பஸ் கிளம்பி, வளைந்து, மறைந்தது. நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். ஒரே உதையில் கிளம்பும் வண்டிதான். கிளம்பிய பிறகும் இன்னொரு தரம் உதைத்தேன்.

இந்தத் தொடரை வாராவாரம் முதலில் படிப்பவள் பர்வீன்தான். இந்த விஷயத்தை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. தொப்பி சமாச்சாரம் மட்டும் வேணாம், அல்பமா இருக்கும்" என்றாள். அல்பமாகத்தான் இருந்தது. அதனால் அதிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன்.

அவள் போனது ராஜஸ்தானில் ராணுவத்தின் சுடுதளம் ஒன்றுக்கு. எந்த இடம், எந்த வண்டி என்றெல்லாம் எழுதக்கூடாது. போயிருக்க வேண்டியவன் நான் என்பதை மட்டும் எழுதலாம். அதற்குத் தடை இல்லை.

உள்ளங்கை அளவு கார்டு

எங்கள் கம்பெனி புதுச்சேரியில், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருக்கிறது. தகரக் கூரை, நீளமான ஒரு கூடம், வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெண் குனிந்து பச்சை நிற சர்க்யூட் கார்டில் பொடிப் பொடியான பாகங்களைப் பற்ற வைத்துக்கொண்டிருப்பாள். உள்ளே நுழைந்ததும் உருகும் ஈயத்தின் வாசனை மூக்கில் ஏறும். நான் கார்டுகளை வடிவமைப்பவன். பர்வீன் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். இருவரும் அங்கேதான் சந்தித்து, வீட்டில் பேசி, கல்யாணம் செய்துகொண்டோம். நான் செய்வதில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நாங்கள் அதற்குச் சிரித்து முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது.

லிஃப்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் கார்டு செய்துகொண்டிருந்த எங்களுக்கு, ஒருநாள் டாங்கியின் வேலை வந்தது.

டாங்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பீரங்கிக் குழாயை இலக்குக்கு நேராக வைத்துச் சுட்டால் குண்டு அங்கே போகாது. போகப் போகத் தாழும். காற்று தள்ளும். வண்டி ஒரு மேட்டில் இடப்பக்கம் சாய்ந்து நின்றால் குண்டும் இடப்பக்கம் விலகும். இதையெல்லாம் கணக்குப் போட்டு, குழாயை எவ்வளவு தூக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று சொல்வதற்கு வண்டிக்குள் ஒரு கணினி இருக்கிறது. லேசர் தூரத்தைச் சொல்லும். மேலே நிற்கும் ஒரு கம்பு காற்றைச் சொல்லும். இன்னொரு கருவி வண்டியின் சாய்வைச் சொல்லும். அந்தச் சாய்வுக் கருவி பேசுவதைச் சுத்தம் செய்து கணினியின் காதில் போடுகிற வேலை ஒரு சின்ன கார்டுடையது. உள்ளங்கை அளவுதான்.

பழைய கார்டுக்கு வேண்டிய வெளிநாட்டுப் பாகம் வருவது நின்றுபோனது. இங்கே கிடைக்கும் பாகங்களை வைத்துப் புதிதாக ஒன்று வரைய வேண்டும். நான் வரைந்தேன். மாதக்கணக்கில் வரைந்தேன். அத்தனை பாகங்களையும் நெருக்கமாக, ஒழுங்காக, கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருந்தேன். முதல் கார்டு கைக்கு வந்த அன்று அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து எங்கள் மகள் ஹனாவிடம் காட்டினேன்.

"அழகா இருக்கு அத்தா," என்றாள்.

பர்வீன் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பாக்கலாம்" என்றாள். அவள் வேலை அது.

ராஜவேலு சார் சொன்ன காரணம்

கார்டு எல்லாச் சோதனையும் தேறியது. சூடு, குளிர், அதிர்வு எல்லாவற்றிலும். அடுத்தது உண்மையான டாங்கியில் பொருத்தி, உண்மையான குண்டு போட்டுப் பார்ப்பது. கம்பெனியிலிருந்து ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுமதி என்று செய்தி வந்தது. அன்று மாலையே நான் நேரு வீதிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் முதலாளி ராஜவேலு சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்தமாக இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பர்வீன் போகட்டும்," என்றார்.

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"இல்ல சாதிக். வரைஞ்சவன் போனா தன்னோட கார்டுக்காக வாதாடுவான். நான் உன்னக் கொற சொல்லல, நான் போனாலும் அதத்தான் செய்வேன். சோதன பண்றவங்க போனாத்தான் உள்ளத உள்ளபடி பாப்பாங்க."

பர்வீன் என்னைப் பார்த்தாள். "அவரே போகட்டும் சார்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எப்ப கெளம்பணும் சார்?" என்றாள்.

அந்த ஒரு நொடியில் எனக்குள் புகுந்தது, பிறகு வெகுகாலம் குடியிருந்தது.

சொல்தா வீடு

இந்த இடத்தில் என் அத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தாவுக்கு முத்தியால்பேட்டையில் துணிக்கடை. அவருடைய அண்ணன், என் பெரியத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார், தம்பி வாங்கவில்லை. வாங்கச் சொல்லி ஒருவர், வேண்டாமென்று ஒருவர் சொல்ல, அத்தா வேண்டாமென்றவர் பேச்சைக் கேட்டுவிட்டார். புதுச்சேரியில் இந்த ஒரு முடிவால் இரண்டாகப் போன குடும்பங்கள் ஏராளம். ஒரு வீட்டில் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், பிள்ளைகள் விமானம் ஏறுவார்கள். பக்கத்து வீட்டில் அதே ரத்தம் துணி கிழித்துக்கொண்டிருக்கும்.

பெருநாளைக்குப் பெரியத்தா வீட்டுக்குப் போவோம். வாசலில் கால் வைக்கும் முன் அத்தா சட்டைக் காலரை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொள்வார். அங்கே கண்ணாடிக் கிண்ணங்களில் ஏதேதோ இனிப்பு, பாரீசில் எடுத்த படங்கள். அத்தா எல்லாவற்றையும் புகழ்வார். வீடு திரும்பியதும் அவருக்குப் பசிக்காது. மறுநாளும் பசிக்காது. அம்மா ஒன்றும் கேட்காமல் கஞ்சி வைத்துக் கொடுப்பார். பொறாமை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. சாப்பாட்டில்தான் வரும்.

பெரியத்தா இருந்தது பீரங்கிப் பிரிவில். ஒருவன் தூரக்கண்ணாடியில் பார்ப்பானாம், ஒருவன் அட்டவணையைப் பார்த்துக் கணக்குச் சொல்வானாம், ஒருவன் சக்கரத்தைத் திருகுவானாம். "மூணு பேருஞ் சேந்து தப்பு பண்ணுவோம்டா," என்று சிரிப்பார். குண்டு எங்கே போய் விழும் என்று நான் ஒருமுறை கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "போய் அம்மாகிட்ட பலகாரம் வாங்கிக்க," என்றார்.

டாங்கி வேலை வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அவர்தான். அந்த மூன்று பேர் செய்ததை இப்போது ஒரு பெட்டி செய்கிறது. அந்தப் பெட்டியின் ஒரு காது என் கையால் ஆனது. உயிரோடு இருந்தால் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், அத்தாவுக்கும் சேர்த்து. அதற்காகவாவது அந்த டாங்கியை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தவள் பர்வீன்.

பட்டாளத்தம்மா

அவள் இல்லாத நாட்களில் சமையல், ஹனாவின் தலைப்பின்னல், பள்ளிக்கூட வேன் எல்லாம் என் பொறுப்பு. பின்னல் ஒரு நாளும் நேராக வரவில்லை. சுடுதளத்துக்குள் செல்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பிய பிறகு பேசுவாள். பேச்சில் ஒரு புதுத் துள்ளல்.

"உள்ள எறங்கறதுக்கு ஒரு ஓட்டதான் இருக்குதுங்க. கால மொதல்ல விடணும். இன்னைக்கு குறி வெச்சு சுடற கன்னரோட சீட்ல உக்காந்தேன். கண்ண வெச்சுப் பாத்தா, ரொம்ப தூரத்துல மேயற ஒட்டகத்தோட கண்ணு முடி வரைக்கும் தெரியுது!"

"என் கார்டு?"

"நல்லா இருக்கு. அது ஒரு பொட்டிக்குள்ள இருக்கு, தெரியாது."

ஒட்டகத்தின் இமை முடி அன்று முழுக்க என் கண்ணுக்குள் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக பர்வீன்தான் போவாள். எங்களுக்கு மீன் கொடுக்கும் அஞ்சலை, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "மேடம் வர்ல?" என்றாள்.

"ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருக்கு?"

ஹனா முந்திக்கொண்டாள். "எங்கம்மா டாங்கி சுடப் போயிருக்காங்க!"

அஞ்சலையின் கத்தி பலகையில் அப்படியே நின்றது. அப்புறம் அந்த வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "ஏ, நம்ம மேடம் மிலிட்டரில டாங்கி சுடுறாங்களாம்டி!" என்றாள். சுடுவது சிப்பாய்கள்தான் என்று நான் விளக்க வாயெடுத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மீனை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்து, "பட்டாளத்தம்மா வூட்டுக்காரரே, பத்தரமா போங்க" என்றாள்.

வஞ்சிரம் குழம்பு வைத்தேன். ஹனா இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்குப் பசிக்கவில்லை. தட்டைப் பார்த்தபோது அத்தாவின் ஞாபகம் வந்தது.

ரசமட்டம்

சுடுதளத்தில் காலையில் சுட்ட குண்டுகள் எல்லாம் இலக்கில் விழுந்தன. மதியத்துக்கு மேல் சுட்டவை வலப்பக்கம் விலகிப் போயின. மறுநாளும் அதே கதை. விசாரணை தொடங்கிவிட்டது. டாங்கியின் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு கம்பெனி செய்திருந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் பாகம் சரி என்றார்கள். பாகம் எல்லாமே சரியென்றால் மிச்சம் இருப்பது சுட்டவன். கன்னர் ஒரு சீக்கிய இளைஞன். வெயிலில் அவன் தளர்ந்து தப்பாகக் குறி வைக்கிறான் என்று முடிவு கட்டப் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ராஜவேலு சார் என்னை அறைக்கு அழைத்து, "ஒக்காரு, அங்கேருந்து பேசறாங்க" என்று போனின் ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் விசாரணைக் குழு கூடியிருந்தது. ஒரு மேஜர் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு பர்வீனின் குரல்.

சுடுதளத்தின் ஓரத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததாம். அங்கே போய்க் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கியிருக்கிறாள். சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே ஒரு நீர்க்குமிழி இருக்கும், அதே மட்டம்தான். அன்று மதிய வெயிலில் டாங்கியின் கூரையில் அதை வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. வண்டி மட்டமாக நிற்கிறது. உள்ளே இறங்கித் திரையைப் பார்த்தாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றது திரை. இல்லாத சாய்வைச் சரிக்கட்ட கணினி குழாயை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. கன்னர் குறி வைத்ததில் தவறே இல்லை.

"ஆக, சாய்வுக் கருவி கெட்டுவிட்டதா?" என்று மேஜர் கேட்டார்.

"இல்லை சார். கருவியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தேன், சரியாக வருகிறது. சூட்டில் தப்பாகப் போவது அதற்கு அடுத்த கார்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கள் கார்டு. வடிவமைப்பிலேயே பிழை இருக்கிறது."

ராஜவேலு சார் என்னைப் பார்க்காமல் மேசையில் கிடந்த பேனாவை மூடித் திறந்தார். ஸ்பீக்கரில் மேஜர், இப்படி ஒரு நேர்மையான பொறியாளரை இந்தத் தளத்தில் நான் பார்த்ததில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். யாரோ கை தட்டினார்கள்.

எனக்கு முதலில் வந்தது அவமானம் இல்லை. அது வந்தது, ஆனால் பிறகுதான். அந்த வெயில், அந்தக் கூரை, அந்தக் குமிழி எல்லாம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. நான் அங்கே நின்றிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். என் பிழையை நானே என் வாயால் சொல்லியிருப்பேன். அந்தக் கைதட்டல் எனக்கு விழுந்திருக்கும். இப்படித்தான் மனம் ஓடியது. ராஜவேலு சார் சொன்னது சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சோறு ஆறியது

பர்வீன் கறுத்து, இளைத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தாள். ஹனாவைத் தூங்க வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன்.

"எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"போன வாங்கி வெச்சிட்டாங்க. எப்டி சொல்றது?"

"ஒரு நா தள்ளிச் சொல்லியிருக்கலாம்."

"ஒரு நா தள்ளியிருந்தா அந்தப் பையன் மேல எழுதியிருப்பாங்க. அவன் அங்கயே, எல்லாருக்கும் முன்னாடி, கைய கட்டிக்கினு நிக்கிறான். தண்ணி கூட குடிக்கல. அவன வெச்சிக்கிட்டு நான் வாய மூடிக்கினு இருக்கணுமா?"

பதில் இல்லாத இடத்தில்தான் வாய் நீளும். "உனக்கு நல்ல பேரு கெடச்சிருச்சு. மேஜரே புகழ்றாரு. போறாதா?"

பிசைந்த சோற்றோடு கை நின்றது. என்னை நன்றாகப் பார்த்தாள்.

"பொறாமையாங்க?"

இல்லை என்று சொல்லச் சுலபமாக இருந்தது. ஆனால் அவள் சோதனைக்காரி. கேள்வியைக் கேட்டுவிட்டு முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பவள்.

"ஆமா," என்றேன். "நீ எப்ப கெளம்பணும்னு சார்கிட்ட கேட்டதுலேருந்து."

அவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "தெரியும்," என்றாள். தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, கார்டின் படத்தை மேசையில் விரித்தாள். "இந்த ரெகுலேட்டர் சூடாவுது. அதுக்கு ஒட்டனாப்புல இந்தச் சின்ன சிப்பு. இது சூடானா அளவே மாறிப் போவுது. நம்ம டெஸ்ட் பண்ற சேம்பர்ல காத்தாடி ஓடிக்கிட்டே இருக்கும், அதனால தெரியல. டாங்கில மூடுன பொட்டி, காத்தே கெடையாது."

பார்த்தேன். கோலத்தின் நடுப்புள்ளி மாதிரி இரண்டையும் நான்தான் அக்கம்பக்கமாக வைத்திருந்தேன். அழகுக்காக.

அந்த இரண்டையும் பிரித்தேன். ரெகுலேட்டரை ஓரத்துக்குத் தள்ளி, அதன் சூடு உலோகச் சட்டத்துக்குள் இறங்கிப் போகும்படி வழி செய்தேன். அவள் காற்றாடியை நிறுத்தி, கார்டை மூடிய பெட்டியில் வைத்துச் சோதித்தாள். வேண்டியதைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் இவ்வளவு நல்ல வேலை அதற்கு முன் செய்ததில்லை. இவ்வளவு மௌனமாகவும் இருந்ததில்லை.

புதுக் கார்டு அவலட்சணமாக இருந்தது. ஹனாவிடம் காட்டவில்லை.

பார்வையாளர்

"இந்தத் தடவ ரெண்டு பேரும் போங்க," என்றார் ராஜவேலு சார். ஹனாவை என் தங்கையின் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கோடை முடிவதற்குள் சுட்டுப் பார்த்தாக வேண்டும். அந்தச் சூடு இருந்தால்தான் அது சோதனை.

வாசலில் அட்டை கொடுத்தார்கள். அவள் அட்டையில் 'பொறியாளர்' என்றிருந்தது. என்னுடையதில் 'பார்வையாளர்'. பார்வையாளர்களுக்குத் தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. தண்ணீர்ப் பானை, நாற்காலிகள், தூரக்கண்ணாடி ஒன்று. அதன் வழியாக என் மனைவியை நான் பார்த்தேன். அவள் டாங்கியின் முன்பக்கம் கால் வைத்து, பிடியைப் பற்றி, கூரைக்கு ஏறினாள். அந்த இளம் கன்னர் எழுந்து இடம் விட்டான். கால்களை முதலில் உள்ளே விட்டு, தோள் வரை மறைந்து, பிறகு முழுதாக மறைந்தாள். எத்தனையோ முறை செய்தவள் போல.

அளவுகளைப் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் பாதுகாப்பு அறைக்குப் போன பிறகுதான் சுடுவார்கள். முதல் குண்டு போனபோது சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. பானைத் தண்ணீர் நடுங்கியது. தொலைவில் மண் எழும்பியது. பெரியத்தா ஏன் சிரிப்பை நிறுத்தினார் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது. அது துணியால் ஆன இலக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூரக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

உச்சி வெயிலில் சுட்டார்கள். அதற்குப் பிறகும் சுட்டார்கள். ஒன்றும் விலகவில்லை.

கொட்டகைக்கு வந்த மேஜர் என் கையைக் குலுக்கி, "மேடத்தின் கணவர்தானே நீங்கள்?" என்றார் ஆங்கிலத்தில். பின்னால் வந்த பர்வீன், "அந்தக் கார்டை வரைந்தவர் சார்" என்றாள். மேஜர் புருவத்தைத் தூக்கினார். "அப்படியென்றால் இவர் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்? உள்ளே காட்டுங்கள்!"

நான் டாங்கிக்குள் இறங்கினேன். காலை முதலில் விட வேண்டும் என்று தெரிந்திருந்தும் முழங்காலை இடித்துக்கொண்டேன். உள்ளே எண்ணெய், பெயிண்ட், சுட்ட வெடிமருந்து, யாரோ ஒருவரின் வியர்வை எல்லாம் கலந்த வாசனை. தொட்ட இடமெல்லாம் சுட்டது. என் கார்டைத் தேடினேன். கன்னர் இருக்கைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, நாலு மூலையிலும் திருகாணி. அதற்குள் இருந்தது. தெரியாது என்று பர்வீன் சொன்னது நிஜம். இவ்வளவு நாள் நான் ஏங்கிய இடத்தில் எனக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

மேலே வட்டமான வானம். அதில் அவள் தலை.

"பாத்தீங்களா?"

"பொட்டிதான் இருக்குது."

"அதுக்குள்ள நீங்க வரைஞ்சது இருக்கு. இந்த வண்டி ஓடற வரைக்கும் இருக்கும்." அவள் உள்ளே வரவில்லை, விளிம்பில் கையூன்றிக் குனிந்தபடியே பேசினாள். "நான் கண்டுபிடிச்ச தப்பு எங்கங்க இருக்கும்? அத சரி பண்ணிட்டா அதுவே இருக்காது. இத்தன வருசத்துல நான் பண்ண வேலைய ஹனாகிட்ட காட்டணும்னா எதக் காட்டுவேன்? நீங்க சட்டப் பையில கார்டப் போட்டுக்கினு வர்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். தெரியுமா?"

தெரியாது. ஒருநாளும் தெரியாது. நான் அந்தச் சூட்டில் நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது நிலைக்கவில்லை. இப்போதும் கோடை வந்தால் அவள்தான் சுடுதளத்துக்குப் போகிறாள். பெட்டி கட்டும்போது எனக்குள் அந்தப் பழைய ஆள் எழுந்து உட்காருவான். நான் ஒரு புதுக் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவள் சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும். இருவருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. நான் டாங்கிக்குள் இறங்கிய அன்று மாலை நடந்தது.

விசாரணைக் குழு அவளை மட்டும் கூப்பிட்டது. பார்வையாளருக்கு அனுமதி இல்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சிப்பாய் டீ கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பர்வீன் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடித்த ஆண் குரல் குறுக்கே வந்தது. உங்கள் சோதனையிலேயே இது ஏன் தெரியவில்லை என்றது. அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மறுபடி குறுக்கே வந்தது. இன்னும் ஒரு முறை. யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"சார், என்னை முடிக்க விடுங்கள்," என்றாள் பர்வீன். குரல் உயரவில்லை. காற்றாடி இல்லாத பெட்டி, சூடு, ரசமட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். அதுவரை நான் உட்காரவில்லை.

கதவைத் திறந்து வந்தவள் என்னைப் பார்த்து, "ஏன் நிக்கிறீங்க?" என்றாள்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"நடுவுல நடுவுல பேசுனானே."

"அவரா? கேட்டது சரியான கேள்விதாங்க. காத்தாடிய நிறுத்திப் பாக்கணும்னு எனக்குத்தான் மொதல்லயே தோணியிருக்கணும்."

"சரியான கேள்வியா இருந்தா என்னா? முடிக்க விட வேணாமா? பேச விடாம அப்டி என்னா திமிரு அவனுக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு, மறுபடி வெடித்திருந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சிரித்தாள்.

"டீ இருக்குதா?" என்றாள்.

என் கையிலிருந்த டம்ளரை நீட்டினேன். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. வாங்கி, ஒரே மூச்சில் முழுக்கக் குடித்தாள்.